டிவி, இணையம், போன் மூன்றும் ஒரே பில்லில் வேண்டுமா? சுங்கை சிப்புட்டுக்குப் புதிதாகக் குடிவருவோருக்கு ஒரு வழிகாட்டி

தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வருபவர்கள், தமிழ்ப்பள்ளிக்கு மாற்றலாகி வரும் ஆசிரியர்கள், கல்யாணம் முடித்துத் தனிக்குடித்தனம் போகும் பிள்ளைகள் என்று மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எப்போதும் யாராவது புது வீட்டுச் சாவி வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். தண்ணீர்க் கணக்கும் தெனாகா (மின்சாரக் கம்பெனி) கணக்கும் பேர் மாறியதும் அடுத்த பேச்சு டிவி, இணையம். அந்த நேரம் பார்த்து பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) குடை விரித்து நிற்கும் விற்பனைப் பையன், "அண்ணே, மூணும் சேர்த்து மாசம் நூத்தி அம்பத்தொன்பது வெள்ளிதான், ஐசி மட்டும் குடுங்க, மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்பான். அவன் சொல்வது பொய்யாக இருக்காது. ஆனால் அந்த 159 வெள்ளி (ரிங்கிட்) எத்தனை மாதத்துக்கு, அதற்குப் பிறகு எவ்வளவு, அதில் உங்கள் வீட்டுக்குத் தேவையில்லாத சாமான் எத்தனை என்பதை நாமாகக் கேட்டால்தான் வெளியே வரும்.

நீங்கள் கையெழுத்துப் போடுவது ஒரு மாதக் கட்டணத்துக்கு இல்லை. பெரும்பாலான பேக்கேஜ்கள் 24 மாத ஒப்பந்தம். எனவே ஒப்பிட வேண்டியது 24 மாதத்துக்கும் சேர்த்துக் கையை விட்டுப் போகும் மொத்தப் பணத்தை. இதைச் செய்ய ஒரு பேனாவும் ஒரு தாளும், சாப்பாட்டு மேசையில் அரை மணி நேரமும் போதும். செய்யாவிட்டால் ஒரு நடுத்தரக் குடும்பத்துக்குப் பல நூறு வெள்ளி வீணாகும். தோட்டச் சம்பளத்தில் வளர்ந்த நமக்கு அது சின்னத் தொகை இல்லை.

முதலில் வாசலில் என்ன லைன் இருக்கிறது என்று பாருங்கள்

விலைப் பட்டியலைக் கையில் எடுக்கும் முன் இதை முடித்துவிட வேண்டும். கோலாலம்பூரில் இருக்கும் தம்பி, "நான் எடுத்த கம்பெனிதான் மலிவு, நீங்களும் அதையே எடுங்க" என்பார். அது அவருடைய அடுக்குமாடிக்குப் பொருந்தும். நகரத்து அடுக்குமாடிகளுக்குக் கேபிள் இழுக்கும் எல்லா நிறுவனங்களும் நம் ஊர்ப்பக்கம் வருவதில்லை. ஒரே தாமானில் முன்வரிசைக்கு ஃபைபர் (கண்ணாடி இழைக் கேபிள்) இருக்கும், பின்வரிசைக்கு இருக்காது. அதனால் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்பதுதான் முதல் வேலை. என்ன கம்பெனி, எத்தனை வருடமாக, மழை பெய்தால் எப்படி, கெட்டுப்போனால் எத்தனை நாளில் வந்து பார்க்கிறார்கள்? விளம்பரத்தில் இல்லாத பதில்கள் இவைதான்.

பிறகு நிறுவனங்களின் இணையத்தளத்தில் உங்கள் முகவரியைப் போட்டுப் பாருங்கள். நாடெங்கும் இணைய வசதியை விரிவாக்க 2020இல் தொடங்கிய ஜென்டெலா திட்டத்தின் கீழ் மலேசிய தொடர்பு பல்லூடக ஆணையம் ஒரு வரைபடம் வைத்திருக்கிறது. வீடு இருக்கும் இடத்தில் என்ன சேவை கிடைக்கிறது என்று அதிலும் தேடலாம். தெனாகா பில்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதில் உள்ளபடியே முகவரியை எழுதினால் குழப்பம் குறையும். லாட் எண், தாமான் பெயர், கம்போங் பெயர் இவற்றில் ஒரு எழுத்து மாறினாலும் 'சேவை இல்லை' என்று வந்துவிடும்.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு செய்தி உண்டு. யூனிஃபை, மேக்சிஸ், செல்காம்டிஜி, ஆஸ்ட்ரோ என்று நான்கு பெயரில் ஃபைபர் விற்றாலும், பல ஊர்களில் மண்ணுக்கடியிலும் கம்பத்திலும் போவது பெரும்பாலும் டெலிகோம் மலேசியாவின் கேபிள்தான். மற்றவர்கள் அதை மொத்த விலைக்கு வாடகைக்கு எடுத்து நமக்கு விற்கிறார்கள். சில இடங்களில் மட்டும் தெனாகாவின் துணை நிறுவனமான அல்லோ தனியாக இழுத்திருக்கிறது. ஆகவே உங்கள் தெருக் கம்பத்துப் பெட்டியில் போர்ட் (இணைப்பு முனை) நிறைந்துவிட்டது என்று ஒரு கம்பெனி சொன்னால், அதே கேபிளை விற்கும் அடுத்த கம்பெனிக்கும் அதே பதில்தான் வரும். இன்னொரு பக்கம் இதில் நமக்கு லாபமும் இருக்கிறது: கேபிள் ஒன்றுதான் என்றால், லைனின் தரத்தைப் பற்றிய கவலையைக் குறைத்துக்கொண்டு விலை, ஒப்பந்தம், பழுது பார்க்க வரும் வேகம் இவற்றை வைத்தே முடிவெடுக்கலாம்.

இன்னும் தோட்டத்து வீட்டில் இருப்பவர்களுக்கு வேறு சிக்கல். நிலம் தோட்ட நிர்வாகத்துடையது. கேபிள் இழுக்கவும் கம்பம் நடவும் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ஆபீசில் கிராணியை (எழுத்தரை) பார்த்து, வாய்வார்த்தையாக இல்லாமல் எழுத்தில் ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். ஒரு வீடு தனியாகக் கேட்பதை விட லயத்தில் உள்ள பத்து வீடு சேர்ந்து விண்ணப்பித்தால் நிறுவனத்துக்கும் இழுத்துக் கொடுக்கக் காரணம் கிடைக்கும். வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரரிடம் சுவரில் துளை போடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஃபைபர் வராத வீட்டுக்கு 4ஜி அல்லது 5ஜி வயர்லெஸ் மோடம்தான் வழி. இதற்கு ஒப்பந்தம் போடும் முன் ஒரு சோதனை கட்டாயம். அந்த நிறுவனத்தின் பிரிபெய்ட் சிம் ஒன்றை வாங்கி, மோடம் வைக்கப்போகும் அதே இடத்தில், ராத்திரி எட்டிலிருந்து பத்துக்குள் வேகம் பாருங்கள். பகல் பதினொரு மணிக்குப் பார்க்கும் வேகம் யாருக்கும் உதவாது. ஊரே வீடியோ பார்க்கும் நேரத்தில் டவர் எப்படி இருக்கிறது என்பதுதான் கணக்கு. செம்பனை சூழ்ந்த வீடுகளில் அறைக்கு அறை லைன் மாறும். ஜன்னல் ஓரம் நன்றாக இருந்து சமையலறையில் செத்துப்போகும். மரம் வளர வளர இன்னும் குறையும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று எழுதுங்கள்

ஒரு வாரம் கவனியுங்கள். பாட்டி மாலையில் சீரியல் பார்ப்பார். அப்பா தமிழ்ச் செய்தியும் வாரக் கடைசியில் பந்து விளையாட்டும். பிள்ளைகள் டிவி பக்கமே வருவதில்லை, கைப்பேசியில் யூடியூப். அம்மா சமையல் வேலையோடு வானொலி. இப்படி ஆள்வாரியாக எழுதிவிட்டால் பேக்கேஜில் உள்ள நூற்றுச் சொச்சம் சேனல்களில் உங்கள் வீட்டில் உண்மையாக ஓடுவது ஐந்தா ஆறா என்பது தெரிந்துவிடும். அந்த ஐந்தாறுக்குத்தான் விலை கட்ட வேண்டும். பாட்டியிடம் நேராகக் கேளுங்கள். நாமே முடிவு செய்து ஆப்புக்கு மாற்றிவிட்டு, அவருக்கு ரிமோட் பிடிபடாமல் பகல் முழுவதும் சுவரைப் பார்த்து உட்கார வைப்பது நியாயமில்லை. பெரியவர்கள் இருக்கும் வீட்டில் எண்ணை அழுத்தினால் சேனல் வரும் வசதிக்கே ஒரு மதிப்பு உண்டு. அதைக் கணக்கில் சேர்த்தே பாருங்கள்.

டிவி: காசு கொடுக்காமல் என்ன கிடைக்கிறது?

பேக்கேஜ் விற்பவர் யாரும் இதைச் சொல்ல மாட்டார் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மலேசியாவில் பழைய அனலாக் ஒளிபரப்பு 2019 அக்டோபர் 31உடன் முற்றிலும் நின்றது. இப்போது இலவச சேனல்கள் மைடிவி வழியாக டிஜிட்டலில் வருகின்றன. அரசாங்க ஒளிபரப்பு நிறுவனமான ஆர்டிஎம்மின் டிவி2இல் தமிழ்ச் செய்தி, தமிழ் நிகழ்ச்சிகள் எல்லாம் அதில் உண்டு. மாதக் கட்டணம் கிடையாது. அண்மை ஆண்டுகளில் வாங்கிய டிவியாக இருந்தால் டிவிபி-டி2 எனப்படும் டியூனர் உள்ளேயே இருக்கலாம். டிவி பின்பக்கத்து ஒட்டுத்தாளிலோ கையேட்டிலோ பாருங்கள். இல்லாவிட்டால் சிறிய டெகோடர் பெட்டி ஒன்று வாங்க வேண்டும். இரண்டுக்கும் யூஎச்எஃப் ஆன்டெனா தேவை. அக்கம்பக்கத்து வீட்டுக் கூரை ஆன்டெனாக்கள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்று கவனித்து அதே திசையில் திருப்பினால் பாதி வேலை முடிந்தது. அதற்குப் பிறகும் படம் உடைந்தால் ஆன்டெனாவை உயர்த்துங்கள். வீட்டுக்குள் வைக்கும் சின்ன ஆன்டெனா குன்று மறைக்கும் பகுதிகளில் பெரும்பாலும் ஏமாற்றும்.

இரண்டாவது, என்ஜோய். ஆஸ்ட்ரோ 2012இல் கொண்டுவந்த, மாதச் சந்தா இல்லாத தட்டு ஆன்டெனா சேவை. பெட்டிக்கும் தட்டுக்கும் ஒருமுறை பணம் கட்டினால் போதும். கூடுதல் சேனல் வேண்டும் என்றால் மட்டும், வேண்டிய நாட்களுக்கு டாப்-அப் செய்து பார்க்கலாம். தீபாவளி மாதத்தில் மட்டும் தமிழ் சேனல்கள் எல்லாம் வேண்டும், மற்ற மாதத்தில் வேண்டாம் என்று நினைக்கும் வீட்டுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்பது என் கருத்து. வாங்கும் நாளில் எந்தத் தமிழ் சேனல் இலவசப் பட்டியலில் இருக்கிறது என்று கடைக்காரரிடம் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். பட்டியல் அவ்வப்போது மாறும்.

காசு கட்டும் பக்கத்தில், தமிழ் சேனல்கள் அதிகம் இருப்பது ஆஸ்ட்ரோவில்தான். வானவில், விண்மீன், சன் டிவி என்று நம் வீடுகளில் பழகிய பெயர்கள். 1996இலிருந்து நம்மோடு இருக்கும் சேவை. ஆனால் தட்டு ஆன்டெனா மூலம் வரும் படத்துக்குப் பேராக் மழை எதிரி. மீசாட் செயற்கைக்கோளிலிருந்து வரும் கேயூ-பேண்ட் அலையைக் கனமழை உறிஞ்சிவிடும். மாலை மூன்று மணிக்கு மேல் வானம் இருண்டால் படம் நின்றுபோவதற்குக் காரணம் அதுதான். தட்டை மாற்றினாலும் பெட்டியை மாற்றினாலும் இது முழுதாகத் தீராது. வீட்டில் ஃபைபர் இருந்தால் அதே சேனல்களை இணைய வழியாகத் தரும் பெட்டி கிடைக்கிறதா என்று கேளுங்கள். மழைக்கு அது தாங்கும். ஆனால் இணையம் விழுந்தால் டிவியும் சேர்ந்து விழும்.

இன்னொரு வழி ஆப்புகள். மாதாமாதம் கட்டி, வேண்டாத மாதத்தில் நிறுத்திவிடலாம் என்பதுதான் இவற்றின் பெரிய பலம். பேக்கேஜோடு "இலவசமாக" வரும் ஆப் எத்தனை மாதத்துக்கு இலவசம், அதன் பிறகு தானாகப் பில்லில் ஏறுமா என்று கேட்டு, பதிலைத் தேதியோடு குறித்து வையுங்கள்.

வேகம்: பெரிய எண்ணுக்கு மயங்க வேண்டாம்

விளம்பரத்தில் 100, 300, 500 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட், இணைய வேகத்தின் அளவு), ஒரு ஜிபிபிஎஸ் (ஆயிரம் எம்பிபிஎஸ்) என்று ஏறிக்கொண்டே போகும். ஒரு எச்டி படத்துக்குத் தேவை சுமார் 5 எம்பிபிஎஸ். 4கே படத்துக்குச் சுமார் 15. வீட்டில் நான்கு பேர் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு எச்டி வீடியோ பார்த்தாலும் 20தான். அதன் மேல் ஒருவர் வீடியோ அழைப்பில் இருந்தால் இன்னும் இரண்டு மூன்று. ஆக, ஐந்து பேர் உள்ள சாதாரணக் குடும்பத்துக்கு 100 எம்பிபிஎஸ் தாராளம். வீட்டிலிருந்து பெரிய கோப்புகள் அனுப்பி வேலை செய்பவரும், விளையாட்டுகளைப் பதிவிறக்கும் பையனும் உள்ள வீட்டுக்கே 300க்கு மேல் அர்த்தம் உண்டு.

'வேகம் போதவில்லை' என்று பேக்கேஜை உயர்த்தும் பல வீடுகளில் உண்மையான குற்றவாளி ரௌட்டர் இருக்கும் இடம். முன்ஹாலில், டிவி மேசைக்குப் பின்னால், தரையில் கிடக்கும். இரண்டு செங்கல் சுவர் தாண்டிப் பின்னறைக்கு எப்படி எட்டும்? மேலும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது, ஆனால் சுவர் தாண்டினால் வலு குறையும். 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவானது, தூரம் போகும். பின்னறைக் கைப்பேசியை 2.4க்கு மாற்றியும், ரௌட்டரை வீட்டு நடுவில் உயரத்தில் வைத்தும் பாருங்கள். அதற்கு ஒரு காசு செலவில்லை. பிறகும் போதாவிட்டால் வைஃபையை நீட்டிக்கும் கருவி ஒருமுறைச் செலவு. வேகத்தை உயர்த்துவது 24 மாதச் செலவு.

வருமானம் குறைந்த குடும்பங்கள், ஓய்வூதியர்கள், மூத்த குடிமக்கள், மாற்றுத்திறனாளிகள் போன்றோர் கட்டாயம் கேட்க வேண்டிய பெயர் ஒன்று இருக்கிறது: பாக்கேஜ் பெர்பாடுவான். அரசாங்கத்தின் முயற்சியில் 2023இல் வந்த இந்தத் திட்டம் 30 எம்பிபிஎஸ் ஃபைபரை மாதம் 69 வெள்ளிக்குத் தந்தது. அந்த 30இலேயே ஒரு சிறு குடும்பம் நிம்மதியாக ஓட்டலாம். உங்களுக்குத் தகுதி இருக்கிறதா, இப்போது எந்த நிறுவனம் என்ன நிபந்தனையில் தருகிறது என்று மற்ற எதையும் கேட்கும் முன் இதைக் கேளுங்கள். விற்பனைக் கமிஷன் குறைவான பேக்கேஜைப் பசார் மாலாமில் யாரும் முன்னால் எடுத்து வைக்க மாட்டார்கள்.

போன்: வீட்டு போன் நமக்கு வேண்டுமா?

மூன்று சேர்ந்த பேக்கேஜில் மூன்றாவதாக வருவது வீட்டு போன், அல்லது ஒரு போஸ்ட்பெய்ட் சிம். வீட்டு போனைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பழைய செப்புக் கம்பி போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது. கரண்ட் போனாலும் அடிக்கும். ஃபைபர் வழி வரும் போன் மோடத்தை நம்பியது. கரண்ட் போனால் போனும் போச்சு. மாரடைப்போ தீயோ என்றால் 999ஐ அழைக்க வீட்டு போன் இருக்கிறது என்று வயதானவர்கள் நம்பிக்கொண்டிருந்தால், கரண்ட் இல்லாத இரவில் அது வேலை செய்யாது என்பதைச் சொல்லி வையுங்கள். கையில் சார்ஜ் உள்ள கைப்பேசி ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

சிம் விஷயத்தில் அவசரம் வேண்டாம். இன்று பிரிபெய்ட் திட்டங்களிலேயே மாதக் கணக்கில் இணையம் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் 'அன்லிமிடெட்' என்ற சொல்லுக்குக் கீழே சின்ன எழுத்தில் இரண்டு வரி இருக்கும்: வேகத்துக்கு வரம்பு, ஹாட்ஸ்பாட்டுக்குத் தனிக் கோட்டா. கைப்பேசி ஹாட்ஸ்பாட்டிலேயே டிவியும் ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போடுபவர்கள் அந்த இரண்டாவது வரியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். எச்டி படம் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 3 ஜிபி தின்னும்.

பழைய எண்ணை விட மனமில்லை என்றால் விட வேண்டியதில்லை. 2008இலிருந்து எண்ணை மாற்றாமலே கம்பெனி மாறும் வசதி நம் நாட்டில் உண்டு. பழைய கம்பெனியில் பாக்கியோ ஒப்பந்தமோ இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்கு

தாளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கீழே வரும் விலைகள் கணக்குப் போடும் முறையைக் காட்ட நான் வைத்தவை. உங்கள் கையில் இருக்கும் விளம்பரத் தாளின் எண்களை அவற்றின் இடத்தில் போடுங்கள்.

இடப்பக்கம், மூன்றும் சேர்ந்த பேக்கேஜ். முதல் 6 மாதம் 159 வெள்ளி, பிறகு 199 வெள்ளி, ஆரம்பக் கட்டணம் 50 வெள்ளி.
6 மாதம் × 159 = 954
18 மாதம் × 199 = 3,582
ஆரம்பக் கட்டணம் = 50
24 மாத மொத்தம் = 4,586 வெள்ளி

வலப்பக்கம், தனித்தனியாக எடுத்தால். இணையம் மட்டும் மாதம் 99, இலவச டிஜிட்டல் டிவிக்கு ஆன்டெனாவும் பெட்டியும் பொருத்தும் கூலியும் சேர்த்து ஒருமுறை 150, தமிழ் நாடகம் பார்க்க ஒரு ஆப் மாதம் 20, பேக்கேஜில் வரும் சிம்முக்குப் பதிலாகப் பிரிபெய்ட் மாதம் 35.
இணையம் 24 × 99 = 2,376
ஆன்டெனா செலவு = 150
ஆப் 24 × 20 = 480
பிரிபெய்ட் 24 × 35 = 840
24 மாத மொத்தம் = 3,846 வெள்ளி

வித்தியாசம் 740 வெள்ளி. பிள்ளைகளின் பள்ளிச் சீருடை, காலணி, புத்தகப் பை எல்லாம் வாங்கியும் மிஞ்சும்.

ஆனால் இத்தோடு 'பேக்கேஜ் மோசம்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பாட்டிக்கு ஆப் சரிப்படாது, தட்டு ஆன்டெனா டிவியே வேண்டும், அதைத் தனியாக எடுத்தால் மாதம் 70 என்று வைத்துக்கொள்வோம். அப்போது வலப்பக்கம் 2,376 + 1,680 + 840 = 4,896 வெள்ளி. இப்போது பேக்கேஜ்தான் 310 வெள்ளி மலிவு. ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டுக்காரர்களுக்கு எதிரெதிர் பதில் வருவது இதனால்தான். டிவி சந்தா உண்மையாகவே தேவைப்படும் வீட்டுக்குப் பேக்கேஜ் லாபம். டிவி ஒரு பழக்கத்துக்காக ஓடும் வீட்டுக்கு நட்டம்.

இதன் மேல் சேவை வரி சேரும். 2024 மார்ச் 1 முதல் பொதுவான சேவை வரி 8 விழுக்காடாக உயர்ந்தபோது தொலைத்தொடர்புக்கு 6 விழுக்காடே தொடர்ந்தது. அதனால் டிவியும் இணையமும் சேர்ந்த பில்லில் இரண்டு விகிதம் கண்ணில் பட்டால் பதற வேண்டாம். மேலே உள்ள கணக்கில் வரி மட்டும் இரண்டு பக்கமும் இருநூறு முந்நூறு வெள்ளி அளவுக்கு ஏற்றும். விளம்பர விலை வரி சேர்த்ததா, சேர்க்காததா என்று கேட்டு, இரண்டு பக்கத்தையும் ஒரே மாதிரி வைத்து ஒப்பிடுங்கள். ஒன்று வரியோடும் மற்றது வரியில்லாமலும் இருந்தால் கணக்கே தப்பாகிவிடும்.

கையெழுத்துக்கு முன்

ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் எவ்வளவு கட்ட வேண்டும்? மீதி மாதங்கள் முழுவதுக்குமா, ஒரு குறிப்பிட்ட தொகையா? வீடு மாறினால் லைனைக் கொண்டுபோகலாமா, அதற்குக் கட்டணம் உண்டா? புது இடத்தில் அவர்களுடைய லைனே இல்லாவிட்டால் அபராதம் யார் தலையில்? வாடகை வீட்டில் இருப்பவர்களும் மாற்றல் வேலையில் இருப்பவர்களும் இந்தக் கடைசிக் கேள்வியை விடவே கூடாது. டிவிக்கும் இணையத்துக்கும் ஒப்பந்தக் காலம் ஒன்றாக முடிகிறதா என்றும் பாருங்கள். நடுவில் ஒரு சேனல் பேக்கைச் சேர்த்தால் ஒப்பந்தம் மறுபடி முதல் மாதத்திலிருந்து ஓடத் தொடங்குமா என்றும் கேளுங்கள்.

பதில்களை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். "அக்கா, அதெல்லாம் பிரச்சனை இல்லை" என்று வாயால் சொன்னது பில் வரும்போது சாட்சிக்கு வராது. ஐசி (அடையாள அட்டை) நகல் கொடுத்தால் அதன் குறுக்கே இரண்டு கோடு போட்டு, இணைய விண்ணப்பத்துக்கு மட்டும் என்று மலாயில் எழுதித் தேதி போடுங்கள். பணத்தை ஏஜெண்டின் சொந்தக் கணக்குக்கு அனுப்பாதீர்கள். நிறுவனத்தின் பில்லிலோ அதன் ஆப்பிலோ மட்டும் கட்டுங்கள்.

படிவம் புரியவில்லை, ஆன்லைனில் நிரப்பத் தெரியவில்லை என்பவர்கள் பக்கத்தில் நாடி மையம் இருந்தால் போய்க் கேளுங்கள். முன்பு பெடி என்ற பெயரில் இருந்த அரசாங்க இணைய மையங்கள்தான் இவை. கணினியும் இணையமும் உண்டு, சொல்லிக்கொடுக்க ஆளும் உண்டு. மலாய் தெரியாத தாத்தாவோடு ஒரு பேரப்பிள்ளையும் போனால் போதும்.

பொருத்த வரும் நாள்

வீட்டில் முடிவெடுக்கக்கூடிய பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். கேபிள் எந்தச் சுவர் வழியாக வர வேண்டும், மோடம் எங்கே என்று முந்தின நாளே முடிவு செய்து அங்கே ஒரு மின்சாரப் பிளக் இருக்கிறதா என்று பாருங்கள். வேலை முடிந்ததும் ஆட்களை உடனே அனுப்பிவிடாதீர்கள். மோடத்துக்குப் பக்கத்தில் ஒருமுறையும் பின்னறையில் ஒருமுறையும் வேகம் பார்த்து, திரையைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பிற்பாடு புகார் செய்ய வேண்டி வந்தால் அதுதான் ஆதாரம். வைஃபையின் கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள்.

நம் பக்கத்து இடி மின்னலுக்கு மோடம் பலியாவது வழக்கம். ஃபைபர் கண்ணாடி இழை என்பதால் அதன் வழியே மின்னல் பாயாது. மின்சாரப் பிளக் வழியாகவும், கூரைமேல் இருக்கும் ஆன்டெனா கம்பி வழியாகவும் வரும். வானம் குமுறத் தொடங்கியதும் இரண்டையும் கழற்றி வைப்பதை வீட்டில் எல்லாருக்கும் பழக்கிவிடுங்கள். வாடகை மோடமாக இருந்தால் எரிந்துபோனதற்கு யார் பணம் கட்டுவது என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கும்.

முதல் பில்லும் கடைசி மாதமும்

முதல் பில் பெரும்பாலும் எதிர்பார்த்ததை விடக் கூடுதலாக இருக்கும். பொருத்திய நாளிலிருந்து மாதக் கடைசி வரைக்குமான பங்கும், அடுத்த மாதத்து முன்பணமும் ஒன்றாக வருவதுதான் வழக்கமான காரணம். ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படியுங்கள். நீங்கள் கேட்காத சேனல் பேக், கேட்காத காப்புறுதி, கேட்காத இரண்டாவது சிம் இருந்தால் அதே வாரத்தில் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, புகார் எண் வாங்கி வையுங்கள். அவர்கள் தீர்க்காவிட்டால் அந்த எண்ணோடு மலேசிய தொடர்பு பல்லூடக ஆணையத்தின் புகார் தளத்துக்குப் போகலாம். 1998ஆம் ஆண்டின் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் கீழ் இந்தத் துறையைக் கண்காணிக்கும் அமைப்பு அது. நிறுவனத்திடம் முதலில் புகார் செய்த எண் இல்லாமல் போனால் வேலை நடக்காது. ஆகவே அந்த எண்ணை பில்லிலேயே எழுதி வையுங்கள்.

இன்னொரு தேதியை வீட்டு நாள்காட்டியில் குறிக்க வேண்டும்: ஒப்பந்தம் தொடங்கி 23ஆவது மாதம். இந்த நாட்டில் இணைய விலை இறங்கும் சரக்கு. ஆணையம் மொத்த விலைக்கு உச்சவரம்பு வைத்த பிறகு 2018இல் பல பேக்கேஜ்களின் விலை இறங்கியது, அதே விலைக்கு வேகம் கூடியது. ஆனால் பழைய பேக்கேஜில் சும்மா இருப்பவர்கள் பழைய விலையையே கட்டிக்கொண்டிருந்தால் யாரும் வந்து எழுப்ப மாட்டார்கள். 23ஆவது மாதத்தில் அதே தாளை எடுத்து, அன்றைய விளம்பர விலைகளைப் போட்டுக் கணக்கை மறுபடி செய்யுங்கள். பிறகு உங்கள் கம்பெனிக்குப் போன் செய்து, ஒப்பந்தம் முடியப்போகிறது, வேறு கம்பெனியில் இந்த விலை சொல்கிறார்கள், நீங்கள் என்ன தருவீர்கள் என்று கேளுங்கள். நிறுத்தப்போவதாகச் சொல்லும் வாடிக்கையாளருக்கென்று பல நிறுவனங்களில் தனிப் பிரிவே இருக்கிறது. விலையைக் குறைக்கும் அதிகாரம் அங்கேதான் இருக்கும். குறைத்துக் கொடுத்தால், புதிதாக இன்னொரு 24 மாதம் கட்டிப்போடுகிறார்களா என்பதை மட்டும் கேட்டுவிட்டுச் சரி சொல்லுங்கள்.